வீட்டுக் கணிப்பொறியில் கிராபிக்ஸ் கார்டின் வேகக் குறைவு: காரணங்களும் பரிகாரங்களும்

கணிப்பொறியின் திரையில் ஓர் உருவம் அசைவதைக் காண்போர், அது சினிமாப் படத்தைப் போல எங்கேனும் ஆயத்தமாக இருந்து வந்து விழுவதாகவே பெரும்பாலும் எண்ணுகின்றனர். ஆனால் திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளியின் நிறமும் அந்தந்தக் கணத்தில் புதிதாகக் கணக்கிடப்படுகின்றது. கள ஊழியர் ஒருவர் கிராமத்தின் நிலப் படத்தின் மேல் செயற்கைக்கோள் எடுத்த படத்தை விரித்துப் பெரிதாக்கும்போதும், ஆசிரியர் ஒருவர் கோள்களின் சஞ்சாரத்தை மாணவர்க்குத் திரையில் காட்டும்போதும், இக்கணக்கு வேலை முழுவதையும் செய்வது கிராபிக்ஸ் கார்டு என்னும் உறுப்பேயாகும்.

இவ்வுறுப்புத் தன் வேலையில் பின்தங்கினால் படம் விட்டுவிட்டு அசைகின்றது. சுட்டியை நகர்த்திய பின்னரே திரை நகர்கின்றது. வகுப்பிற்கென வீட்டில் ஆயத்தம் செய்த பாடம் பாதியில் நின்றுவிடுகின்றது. உடனே கடைக்குச் செல்கின்றோம். "கார்டு பழசாகிவிட்டது, புதிது போடவேண்டும்" என்று அங்கே கூறுகின்றனர். புதிய கார்டின் விலையோ ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும். இக்கட்டுரையாளர் பார்த்த அளவில், இவ்வாறு கழிக்கப்பட்ட கார்டுகளுள் பல எவ்விதப் பழுதும் இல்லாதவை. தூசியும், மாறிச் சொருகிய கேபிளும், பொருந்தாத டிரைவரும் செய்த குற்றத்திற்குக் கார்டு தண்டனை பெறுகின்றது. ஆகவே பணத்தைச் செலவிடுமுன் ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டுக் காரணத்தைத் தேடுவது எவ்வாறு என்பதை இங்கு ஆராய்வோம்.

வேலையின் அளவை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும். சாதாரணத் திரை ஒன்றில் அகலத்தில் 1,920 புள்ளிகளும் உயரத்தில் 1,080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 4 பைட்டு வேண்டுமெனின், ஒரு படத்திற்கு ஏறத்தாழ 83 லட்சம் பைட்டு ஆகின்றது. வினாடிக்கு 60 படங்கள் எனில் சுமார் 50 கோடி பைட்டு. இது முடிந்த படத்தை ஒரே முறை எழுதுவதற்கான கணக்கு மட்டுமே. உண்மையில் ஒரே புள்ளி பல முறை வரையப்பட்டு, அழிக்கப்பட்டு, மீண்டும் வரையப்படுகின்றது. மேற்பரப்புகளுக்குரிய வண்ணப் படங்களும் நினைவகத்திலிருந்து ஓயாமல் படிக்கப்படுகின்றன. 4-கே எனப்படும் திரையில் புள்ளிகளின் தொகை 82,94,400. அஃதாவது முன்னதைப் போல் நான்கு மடங்கு. பழைய கார்டுடன் புதிய பெரிய திரையை இணைத்துவிட்டு, "நேற்றுவரை நன்றாக ஓடியதே" என்று வருந்துவோர் இந்த நான்கு மடங்கை மறந்துவிடுகின்றனர்.

வினாடிக்கு 60 படங்கள் வேண்டுமெனின், ஒரு படத்திற்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் 16.7 பங்கு மட்டுமே. இந்த அவகாசத்தில் ஒரு விசித்திரம் உண்டு. திரையின் புதுப்பிப்புடன் படத்தை ஒத்துப்போகச் செய்யும் 'வி-சிங்க்' என்னும் ஏற்பாடு இயங்கும்போது, ஒரு படத்தை முடிக்க ஆயிரத்தில் 17 பங்கு ஆகிவிட்டால், அது அடுத்த புதுப்பிப்பு வரும்வரை காத்திருக்க நேருகின்றது. ஒவ்வொரு படமும் இவ்வாறு தவறினால், வினாடிக்கு 60 என்பது 59 ஆவதில்லை. நேரே 30-க்கு வீழ்ந்துவிடுகின்றது. பேருந்தை ஒரு நிமிடத்தில் தவறவிட்டவர் அடுத்த பேருந்து வரும்வரை நிற்பதைப் போன்றது இது. எனவே திடீரென்று வேகம் பாதியாகிவிட்டது என்றால், கார்டின் ஆற்றலே பாதியாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடலாகாது. மிகச் சிறு தாமதமும் அவ்விளைவைத் தரக்கூடும்.

இனி, குற்றம் கார்டினுடையதுதானா என்று அறியும் பரிசோதனைக்கு வருவோம். படம் உருவாவதில் இருவர் பங்கு கொள்கின்றனர். எந்தப் பொருள் எங்கே நிற்கவேண்டும் என்று முடிவு செய்து கட்டளை இடுவது மத்தியச் செயலி. அக்கட்டளைப்படி புள்ளிகளை நிறைப்பது கிராபிக்ஸ் கார்டு. கொத்தனாரும் சித்தாளும் போல, ஒருவர் தாமதித்தால் மற்றவர் சும்மா நிற்கவேண்டியதே. திரையின் புள்ளித் தொகையைக் குறைத்தால் கார்டின் வேலை குறையும். செயலியின் வேலை குறையாது. ஆகவே தெளிவுத்திறனை 1,920-க்கு 1,080 என்பதிலிருந்து 1,280-க்கு 720 என்பதற்குக் குறைத்து, அதே காட்சியை மீண்டும் ஓட்டிப் பாருங்கள். வினாடிக்கான படத்தொகை நன்கு உயருமாயின், தடை கார்டில் உள்ளது. தொகை சிறிதும் அசையவில்லையெனின், தடை செயலியிலோ நினைவகத்திலோ வேறெங்கோ உள்ளது. புதிய கார்டு வாங்கினாலும் பயன் விளையாது. செலவில்லாத இப்பரிசோதனையைச் செய்யாமல் எவரும் கடைப்படி ஏறலாகாது என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

இதற்கு ஆசிரியர்களுக்கு மிகவும் ஏற்றது 'ஸ்டெல்லேரியம்' என்னும் இலவச வானியல் மென்பொருள். அதன் கீழ்ப்பட்டையில் வினாடிக்கு எத்தனை படங்கள் என்னும் எண் தோன்றிக்கொண்டே இருக்கும். வானத்தை இடைவிடாது இழுத்துச் சுழற்றிக்கொண்டே அவ்வெண்ணைக் குறிக்கவேண்டும். அசைவில்லாதபோது அம்மென்பொருள் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எண் சரியாக 60-இல் அசையாமல் நிற்குமாயின், அது பெரும்பாலும் திரை விதித்த எல்லை, கார்டின் எல்லையன்று. மேலும், விண்டோஸ் கணிப்பொறியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் கிராபிக்ஸ் செயலியின் உழைப்பு நூற்றுக்கு இத்தனை என்று காட்டப்படும். இவ்வசதி 2017-இல் விண்டோஸ் 10-இல் சேர்க்கப்பட்டது. தனிக் கார்டுகளின் உஷ்ணநிலையும் 2020 முதல் அங்கேயே தெரிகின்றது. விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவடைந்துவிட்டது எனினும், அதனை இன்னும் வைத்திருப்போர்க்கும் இம்முறை பொருந்தும்.

கார்டின் உழைப்பு 95-க்கு மேல் நின்றால் அது தன் முழு ஆற்றலையும் செலவிடுகின்றது எனலாம். காட்சி தடுமாறும்போதும் உழைப்பு 5 அல்லது 10 என்றே காட்டினால், வேலை கார்டிடம் வந்து சேரவேயில்லை என்று பொருள். இப்பின்னதே வீடுகளில் மிகுதியாகக் காணப்படுவது. அதன் காரணம் சில வேளைகளில் நகைப்பிற்கிடமாக இருக்கும்.

வேளாண்மை விரிவாக்கப் பணியிலிருக்கும் நண்பர் ஒருவர், வயல்களின் வரைபடங்களை வீட்டில் ஆயத்தம் செய்வதற்கென்றே நல்லதொரு கார்டுடன் கணிப்பொறி வாங்கினார். ஓராண்டு நன்கு இயங்கிற்று. பின்னர் மாற்றலாகி வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தபோது எல்லாக் கேபிள்களையும் கழற்றி, புதிய வீட்டில் தாமே சொருகினார். அன்று முதல் வரைபடம் நகர மறுத்தது. எட்டு மாதம் பொறுத்துப் பார்த்தார்; இரு முறை கணிப்பொறியை அழித்து மென்பொருள்களைப் புதிதாக ஏற்றினார்; அறிக்கைகள் தாமதமாயின; மேலதிகாரியிடம் விளக்கமும் எழுதிக் கொடுத்தார். அவர் வீட்டில் நாம் கண்டது யாதெனில், மானிட்டரின் கேபிள் கார்டில் சொருகப்படாமல் மதர்போர்டில் சொருகப்பட்டிருந்தது என்பதே.

கேபினட்டின் பின்புறத்தை நோக்கினால் இது விளங்கும். மேற்பகுதியில் விசைப்பலகை, சுட்டி, ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கான துளைகளோடு சேர்ந்திருக்கும் எச்.டி.எம்.ஐ. துளை மதர்போர்டுக்கு உரியது. அதற்குக் கீழே, குறுக்காக அமைந்த தனிப் பட்டையில் இருப்பதே கார்டுக்கு உரியது. மேல்துளையில் சொருகினால், செயலியினுள்ளேயே அடங்கியிருக்கும் சிறிய கிராபிக்ஸ் பகுதி திரையை இயக்கும். பெரும் விலை கொடுத்து வாங்கிய கார்டு உள்ளே உறங்கும். இன்டெல் செயலிகளில் பெயரின் முடிவில் 'எஃப்' என்னும் எழுத்துள்ளவற்றில் இச்சிறு பகுதி செயற்படாது. அங்கே தவறாகச் சொருகினால் படமே வராதாகையால் தவறு உடனே தெரிந்துவிடும். மற்றவற்றில் படம் வரும், ஆனால் மெல்ல வரும். அதனாலேயே இத்தவறு மாதக்கணக்கில் மறைந்திருக்க இயலுகின்றது.

மடிக்கணிப்பொறியில் கேபிளை மாற்றும் வாய்ப்பு இல்லை. அங்கே எந்த மென்பொருளை எந்தக் கிராபிக்ஸ் இயக்கவேண்டும் என்பதை விண்டோஸின் திரை அமைப்புகளில் 'கிராபிக்ஸ்' என்னும் பகுதியில் குறிப்பிடலாம். வரைபட மென்பொருளைத் தெரிந்தெடுத்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று வைத்துவிட்டால் போதும். மின்சாரம் இல்லாமல் பேட்டரியில் இயங்கும்போது வேகம் குறைவது இயற்கை. அதனைப் பழுதென்று கொள்ளலாகாது. இஸ்ரோவின் 'புவன்' போன்ற வரைபடத் தளங்களையும் பாட விளக்கப் படங்களையும் உலாவியின் வழியே காண்போர், உலாவியின் அமைப்புகளில் வன்பொருள் முடுக்கம் என்பது இயங்குகின்றதா என்று பார்த்துக்கொள்க. அது நிறுத்தப்பட்டிருந்தால் கார்டின் வேலை முழுவதும் செயலியின் தலையில் விழும்.

டிரைவரைப் பற்றிச் சில சொற்கள். கார்டுக்கும் இயக்க முறைமைக்கும் இடையே மொழிபெயர்ப்பாளன் போல் நிற்கும் மென்பொருளே டிரைவர். 'டிவைஸ் மேனேஜர்' என்னும் பட்டியலில் கார்டின் உண்மைப் பெயர் இல்லாமல் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று காணப்பட்டால், உரிய டிரைவர் ஏறவில்லை என்பது உறுதி. உற்பத்தியாளரின் தளத்திலிருந்து கார்டின் பெயருக்கு ஏற்றதை எடுத்து ஏற்றவேண்டும். "டிரைவர் இலவசம்" என்று விளம்பரம் செய்யும் ஏனைய தளங்களின் பக்கம் செல்லாதிருப்பது நலம். புதியது எதுவோ அதுவே சிறந்தது என்று கருதுவதும் பிழையாகும். என்விடியா நிறுவனம் 2012-இல் வெளியிடத் தொடங்கிய கெப்ளர் இனக் கார்டுகளுக்கு 470 என்னும் வரிசையோடு டிரைவர் நின்றுவிட்டது. அதற்குப் பிந்தியவை அவற்றில் பொருந்தா. ஒரு குறிப்பிட்ட புதுப்பிப்பிற்குப் பின்னரே வேகம் குறைந்தது எனில், 'ரோல் பேக்' என்னும் விசையால் முந்திய டிரைவருக்குத் திரும்பலாம்.

சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையோ பிற லினக்ஸ் வகைகளையோ உபயோகிப்போர்க்கு ஒரு தனி எச்சரிக்கை. என்விடியா கார்டுகளுக்குப் பல லினக்ஸ் வகைகளில் தாமாகவே ஏறும் 'நுவோ' என்னும் திறந்தநிலை டிரைவர், 2014-க்குப் பின் வந்த பல கார்டுகளைத் தொடக்க நிலையின் தாழ்ந்த வேகத்திலேயே ஓட்டிவந்தது. கார்டின் வேகத்தை உயர்த்தும் உட்கட்டளைகள் உற்பத்தியாளரின் முத்திரையின்றி ஏற்கப்படாமையே காரணம். 2018 முதல் வந்த டியூரிங் இனத்திற்கும் அதற்குப் பிந்தியவற்றிற்கும் 2024 ஜனவரியில் வெளிவந்த 6.7 கெர்னலிலிருந்து இக்குறை நீங்க வழி பிறந்தது. இடைப்பட்ட கார்டுகளை வைத்திருப்போர் உற்பத்தியாளரின் டிரைவரை ஏற்றிக்கொள்வதே தக்கது.

அடுத்து உஷ்ணத்தைப் பற்றி ஆராய்வோம். நம் நாட்டு வீடுகளில் இதுவே தலையாய காரணம் எனலாம்; எனவே இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

கார்டு உண்ணும் மின்சக்தி ஏறத்தாழ முழுவதும் இறுதியில் உஷ்ணமாகவே வெளிப்படுகின்றது. 75 வாட் கார்டு என்றால், முழு வேகத்தில் இயங்கும்போது 75 வாட் விளக்கு ஒன்றின் உஷ்ணத்தைக் கைக்கடங்கிய சில்லு ஒன்றில் தேக்குகின்றது. அவ்வுஷ்ணத்தை உலோகத் தகடுகளாலான ஹீட் சிங்க் வாங்கி, விசிறி வீசும் காற்றிடம் ஒப்படைக்கின்றது. இங்கே நினைவிற் கொள்ளவேண்டியது யாதெனில், காற்று எவ்வளவு வேகமாக வீசினும் சில்லின் உஷ்ணநிலை அறையின் உஷ்ணநிலைக்குக் கீழே செல்லாது. அறைக்கு மேல் எத்தனை பாகை உயர்கின்றது என்பதையே ஹீட் சிங்கும் விசிறியும் தீர்மானிக்கின்றன.

ஒரு கணக்குச் செய்வோம். 25 பாகை சென்டிகிரேடு உள்ள அறையில் 75 வாட் கார்டு 70 பாகையை அடைகின்றது என்க. உயர்வு 45 பாகை. வாட் ஒன்றுக்கு 0.6 பாகை. விசிறியின் வேகம் மாறாதெனின், சித்திரை வெயிலில் அறை 40 பாகையாக இருக்கும்போது அதே கார்டு 85 பாகையைத் தொடும். தகடுகளுக்கிடையே தூசி அடைந்து, வாட் ஒன்றுக்கு 0.6 என்பது 0.8 ஆகிவிட்டால், உயர்வு 60 பாகை. 40 பாகை அறையில் 100. ஆனால் கார்டு அவ்வாறு 100 பாகைக்கு ஏறத் தன்னை விடுவதில்லை. என்விடியாவின் ஜீபோர்ஸ் வரிசையில் பல கார்டுகள் 83 பாகையை ஒட்டி ஓர் எல்லையை வைத்துக்கொண்டு, அதனை அடைந்ததும் தம் துடிப்பு வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தாமே குறைத்துக்கொள்ளுகின்றன. பிற கார்டுகளிலும் எல்லை வேறுபடினும் ஏற்பாடு இதுவே. மேற்கண்ட கணக்கில், 40 பாகை அறையில் 83 பாகைக்குள் அடங்கவேண்டுமெனின் உயர்வு 43 பாகைதான் இருக்கலாம், 43-ஐ 0.8-ஆல் வகுத்தால் 54 வாட். 75 வாட் கார்டு 54 வாட் கார்டாகச் சுருங்கிவிடுகின்றது. கடைக்காரர் 'பழசாகிவிட்டது' என்றது இதைத்தான்!

இதன் அடையாளம் தெளிவானது. கணிப்பொறியைத் திறந்த சில நிமிடங்கள் வரை எல்லாம் சரியாக ஓடும்; பத்துப் பதினைந்து நிமிடங்களில் படம் தளரும்; விசிறியின் இரைச்சல் மிகும்; காலையில் நலமாக இருக்கும், பிற்பகலில் கெடும்; மார்கழியில் தொல்லையே இராது. டாஸ்க் மேனேஜரில் உஷ்ணநிலையையும், 'ஜிபியு-இசட்' போன்ற இலவசக் கருவியில் துடிப்பு வேகத்தையும் ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை ஒரு தாளில் குறித்துவந்தால், ஒன்று ஏற மற்றொன்று இறங்குவது கண்கூடாகத் தெரியும். உயர்நிலைப் பள்ளி மாணவரைக் கொண்டு இவ்விரு எண்களுக்கும் வரைபடம் போடச் செய்யலாம். பாடநூலில் உள்ள வெப்பக் கடத்தலைக் காட்டிலும் அவர்கள் மனத்தில் இது நன்கு பதியும்.

தூசியை நீக்கும் முறை கடினமானதன்று, கவனம் வேண்டுவது. கணிப்பொறியை நிறுத்தி, மின் இணைப்பைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டு, தொடக்க விசையை ஒரு முறை அழுத்தி எஞ்சிய மின்னூட்டத்தை வடியவிடுக. கார்டைத் தொடுமுன் கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தை நீக்கிக்கொள்க. கார்டின் பக்கத்திருகுகளைக் கழற்றி, ஸ்லாட்டின் ஓரத்திலுள்ள சிறு கொக்கியை விடுவித்த பின்னரே அதனை எடுக்கவேண்டும்; கொக்கியை மறந்து இழுத்து ஸ்லாட்டை உடைத்தவர் பலர். மென்மையான தூரிகையாலோ கைப் புளோயராலோ தூசியை அகற்றுக. காற்றை ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும்; கட்டுக்கடங்காமல் சுழன்றால் அதன் தாங்கி தேய்ந்துவிடும். ஈரத்துணி ஆகாது. சில்லுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையேயுள்ள தெர்மல் பேஸ்ட் பல ஆண்டுகளில் உலர்ந்துபோவதுண்டு. தூசி நீங்கியும் உஷ்ணம் இறங்கவில்லையெனின், அதனைத் துடைத்துவிட்டுக் கடுகளவு புதிய பேஸ்ட் இடவேண்டும். இதில் கை பழகாதவர் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணத்தாலும் திறக்கலாகாது. 230 வோல்ட் மாறுமின்சாரம் அதனுள் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாகத் தேக்கப்படுகின்றது. இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அது சிறிது நேரம் தங்கியிருந்து தாக்கக்கூடும்.

கேபினட்டை மேசையின் அடியறைக்குள் தள்ளி, முன்புறம் கதவும் பின்புறம் சுவருமாக வைத்திருப்போர் உண்டு. அவ்வறையின் காற்றே 50 பாகையை எட்டிவிடும். அதனைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வெளியே வைப்பது, நாம் அறிந்தவற்றுள் மிக மலிவான பரிகாரம்.

மின்சக்தியைப் பற்றியும் பார்ப்போம். மதர்போர்டின் ஸ்லாட் ஒன்று தரக்கூடிய மின்சக்தி 75 வாட்டுக்கு மேற்படாது. அதற்கு மேல் வேண்டும் கார்டுகளில் தனி இணைப்பு இருக்கும்: ஆறு ஊசி இணைப்புக்கு 75 வாட்டும், எட்டு ஊசி இணைப்புக்கு 150 வாட்டும் வரையறை. 150 வாட் என்பது 12 வோல்ட்டில் 12.5 ஆம்பியர், மெல்லிய கம்பிகளுக்கு இது சிறிய மின்னோட்டமன்று. எஸ்.எம்.பி.எஸ்.-இல் உரிய இணைப்பு இல்லாதபோது, வன்தட்டுக்கான சாட்டா இணைப்பிலிருந்து ஆறு ஊசிக்கு மாற்றித் தரும் கம்பியைச் சிலர் சொருகுகின்றனர். சாட்டா இணைப்பின் 12 வோல்ட் பகுதி தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். அதிலிருந்து 75 வாட் இழுத்தால் இணைப்பு உருகுவதும் தீப்பற்றுவதும் நேரலாம். இம்மாற்றுக் கம்பியைத் தவிர்க்கவேண்டும் என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. பளு ஏறும் கணத்தில் கணிப்பொறி முழுவதும் திடீரென அணைந்து மீண்டும் தொடங்குமாயின், கார்டை விட்டுவிட்டு எஸ்.எம்.பி.எஸ்.-ஐயும், அதற்கு முன்னால் உள்ள யு.பி.எஸ்.-ஐயும் சந்தேகிக்கவேண்டும்.

எஞ்சியிருப்பது நினைவகம். சில்லு எத்துணை விரைவாகக் கணக்கிட்டாலும், எண்களைக் கொண்டுவந்து கொடுக்கும் பாதை குறுகலானால் அது காத்திருக்கும். பாதையின் அளவைக் காண எளிய பெருக்கல் போதும். தனிக் கார்டு இல்லாத கணிப்பொறியில் 3,200 என்று குறித்த டிடிஆர்4 ரேம் பட்டை ஒன்று மட்டும் இருந்தால், வினாடிக்கு 320 கோடி முறை, முறைக்கு 8 பைட்டு. ஆக 2,560 கோடி பைட்டு. அதே அளவில் இரு பட்டைகளை மதர்போர்டின் உரிய இரு ஸ்லாட்டுகளில் இட்டால் பாதை இரட்டித்து 5,120 கோடி ஆகும். 16 ஜிபி ஒரே பட்டையாக வாங்குவதைக் காட்டிலும் 8 ஜிபி பட்டைகள் இரண்டாக வாங்குவது, செயலியோடு அடங்கிய கிராபிக்ஸை நம்பியிருப்போர்க்கு மிகுந்த நன்மை தரும். நினைவின் மொத்த அளவு இரண்டிலும் ஒன்றே, பாதைதான் வேறு.

இதே கணக்கு ஒரு பெயர் மயக்கத்தையும் வெளிப்படுத்துகின்றது. என்விடியா 2017-இல் வெளியிட்ட ஜிடி 1030 என்னும் சிறு கார்டு ஜிடிடிஆர்5 நினைவகம் கொண்டது. வினாடிக்கு 600 கோடி முறை, முறைக்கு 8 பைட்டு, ஆக 4,800 கோடி பைட்டு. 2018-இல் அதே ஜிடி 1030 என்னும் பெயரில் டிடிஆர்4 நினைவகம் இட்ட வேறொன்று வந்தது. வினாடிக்கு 210 கோடி முறை, ஆக 1,680 கோடி பைட்டு மட்டுமே. பெயரும் 2 ஜிபி என்னும் அளவும் ஒன்றாயினும், பாதை மூன்றில் ஒரு பங்கினும் சற்றே மிகுதி. இரண்டு ரேம் பட்டைகள் இட்ட கணிப்பொறியின் பொதுப் பாதையே இப்பின்னதைப் போல் மூன்று மடங்கு அகலமானது! இதனை வாங்கியவர் டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் முன்னதன் வேகம் வராது. பெட்டியின் மேல் நினைவகத்தின் வகையைப் படித்துப் பார்ப்பது ஒன்றே வழி.

கார்டு சொருகப்படும் ஸ்லாட்டிலும் இவ்வாறே பாதை உண்டு. பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறையில் ஒரு தடம் வினாடிக்குச் சுமார் 98 கோடி பைட்டைக் கடத்தும். 16 தடங்கள் உள்ள மேல் ஸ்லாட் சுமார் 1,575 கோடி. பல மதர்போர்டுகளில் கீழே உள்ள நீண்ட ஸ்லாட், நீளத்தில் ஒத்திருந்தாலும் உள்ளே 4 தடங்களே கொண்டது. தூசி துடைத்தபின் கார்டை அங்கே சொருகிவிடலாகாது. ஏஎம்டி நிறுவனம் 2022 ஜனவரியில் வெளியிட்ட ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்னும் கார்டோ தானே 4 தடங்கள் மட்டும் உடையது. நான்காம் தலைமுறை மதர்போர்டில் அதற்குச் சுமார் 788 கோடி கிடைக்கும். மூன்றாம் தலைமுறையில் 394 கோடி. அதன் 4 ஜிபி நினைவகம் நிரம்பாதவரை வேறுபாடு பெரிதாகத் தோன்றாது; நிரம்பி வழிந்து, கணிப்பொறியின் பொது நினைவகத்தை நாடத் தொடங்கியதும் படம் திக்குகின்றது. பழைய மதர்போர்டில் புதிய கார்டை இடுவோர் தடங்களின் தொகையை விசாரித்துக்கொள்ளவேண்டியது இதனால்தான். இன்டெல்லின் ஆர்க் வரிசைக் கார்டுகளுக்கு, பயாஸ் அமைப்பில் 'ரீசைசபிள் பார்' என்பது இயங்கவேண்டும். இல்லையேல் அவற்றின் வேகம் வெகுவாகக் குறையும்.

இவ்வளவும் பார்த்த பின்னும், தெளிவுத்திறனைக் குறைத்தால் வேகம் ஏறுகின்றது, கார்டின் உழைப்பு நூறை ஒட்டி நிற்கின்றது, உஷ்ணநிலை எல்லைக்குள் உள்ளது, துடிப்பு வேகமும் குறையவில்லை என்று கண்டால், கார்டின் இயல்பான ஆற்றல் அவ்வளவே. அப்போதுதான் புதியதைப் பற்றி எண்ணவேண்டும். பழைய கார்டை இரண்டாங்கை விலைக்கு வாங்குவோர் ஒன்றில் விழிப்பாயிருத்தல் வேண்டும். பத்தாண்டுக்கு முந்திய கார்டின் உட்கட்டளையை மாற்றி எழுதி, புதிய கார்டின் பெயரைக் காட்டுமாறு செய்து விற்கும் வஞ்சகம் நடைமுறையில் உண்டு. விண்டோஸில் தோன்றும் பெயரை நம்பலாகாது. மேலே கூறிய ஜிபியு-இசட் கருவியில் 2018 முதல் இத்தகைய போலிகளைக் கண்டுகொள்ளும் ஏற்பாடு சேர்க்கப்பட்டுள்ளது. போலி எனில் பெயருக்கு முன்னால் அவ்வாறே அறிவிக்கும். விற்பவரின் இடத்திலேயே கார்டை ஒரு கணிப்பொறியில் பொருத்தி, அக்கருவியைத் திறந்து பெயரையும் நினைவகத்தின் வகையையும் சரிபார்த்து, கால் மணி நேரம் ஸ்டெல்லேரியத்தில் வானத்தைச் சுழற்றிய பின்னரே பணத்தை எண்ணிக் கொடுக்கவேண்டும். அதற்கு இசையாத விற்பனையாளரிடம் வாங்காமல் திரும்பிவிடலாம்.